மூஞ்சி தேடிப் போன வேன்

கச்சிராயபாளையத்தில் வந்து கொளஞ்சியப்பன் வீடு எது என்று கேட்டால், “எந்தக் கொளஞ்சி?” என்று திருப்பிக் கேட்பார்கள். “படத்துக் கொளஞ்சி” என்று சொல்லிப் பாருங்கள். வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு, “அந்தாளுகூட டூர் மட்டும் போயிடாதீங்க” என்று காதோடு சொல்லிவிட்டும் போவார்கள். எனக்கு அந்தப் புத்திமதியைச் சொல்ல ஒருத்தரும் இல்லை. கள்ளக்குறிச்சியில் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு அவர் வேனில் ஏறினேன். இன்றுவரை வருஷா வருஷம் திட்டிக்கொண்டே ஏறுகிறேன்.

ஆள் சாதாரணமான ஆள்தான். கோமுகி அணைக்குக் கீழே வாய்க்கால் பாய்கிற இடத்தில் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். ஆலைக்குக் கரும்பு போய் முடிந்ததும் ஊரில் ஒரு வேன் நிறைய ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கோயில் குளம் என்று கிளம்பிவிடுவார். கூட வருகிறவர்களுக்குச் சோற்றிலோ தண்ணீரிலோ ஒரு குறை வைக்கமாட்டார். வாந்தி எடுக்கிறவர்களுக்கு எலுமிச்சம்பழம் முதற்கொண்டு எடுத்து வைத்திருப்பார். ஒரே ஒரு நிபந்தனைதான். எந்த ஊரில் சாமி கும்பிட்டாலும், அந்த ஊரில் ஓவியக் கூடமோ அருங்காட்சியகமோ இருந்தால் வேன் அங்கே நின்றாக வேண்டும். அவர் வாயில் இரண்டுக்கும் ஒரே பெயர், கேலரி.

இராமேஸ்வரத்தில் இருபத்திரண்டு தீர்த்தத்தில் நனைந்தபோதுகூட நான் இவ்வளவு நனையவில்லை. இவரோடு கேலரி கேலரியாகச் சுற்றி வேர்த்ததில்தான் நனைந்தேன். எழும்பூரில் ஒரு கற்சிலையை இவர் முறைத்துப் பார்த்த பார்வையில் அந்தச் சிலையே ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நம்பாதவர்கள் அந்தச் சிலையைப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

கலையில் இவ்வளவு பிரியமா என்று நினைத்து ஏமாந்துவிடாதீர்கள். மலை, கடல், பூ, குதிரை, ராணி எது வரைந்திருந்தாலும் இவருக்கு அது வெறும் சுவர்தான். ஆண்பிள்ளையின் முகம் உள்ள படமாக இருக்க வேண்டும். இருந்தால் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, படத்தில் இருக்கிறவன் மூக்கோடு தன் மூக்கு இடிக்கிற தூரத்தில் போய் நிற்பார். கொஞ்ச நேரம் பார்ப்பார். “இது இல்ல” என்பார். அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

அவர் தேடியது தன் முகத்தை.

கதை இதுதான். கல்யாணமான புதிதில் ஒருநாள் கரும்பு வெட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாராம். ஜோல்னாப் பையும் தாடியுமாக ஒருத்தர் வாய்க்கால் கரையில் வந்து உட்கார்ந்தார். தலையில் கரும்புக் கட்டோடு வந்த கொளஞ்சியப்பனைப் பார்த்து, “அப்படியே நில்லுப்பா” என்றார். இவரும் நின்றார். வெயில் சாய்கிற வரைக்கும், கட்டை இறக்காமல், கழுத்து ஒடிய நின்றார். கடைசியில் தாடிக்காரர், “உன் படம் கேலரியில தொங்கும், ஊர் உலகமே வந்து பார்க்கும்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார். அவர் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டீர்களா என்றால் இவர் சொல்லுகிற பதிலைக் கேளுங்கள்: “தலையில அம்மாம் பாரம் இருக்குறப்போ பேரு எப்டிங்க டீச்சரம்மா கேக்குறது?”

இந்தக் கதையை ஊரில் எல்லாரும் ஒருமுறை நம்பியிருக்கிறார்கள். ஒரே ஒருத்தி மட்டும் ஒரு நாளும் நம்பவில்லை. அவருடைய மனைவி காசியம்மாள்.

வடக்கனந்தல்காரி. கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா கொடுத்த சாம்பல் பூத்த மயிலைக் காளை ஒன்று அந்தக் கரும்பு வண்டியில் பூட்டியிருந்தது. கன்றுக்குட்டியிலிருந்து இவள் கையால் புல் தின்று வளர்ந்த மாடு. அன்றைக்கு வண்டி ஆலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். விடிந்த பிறகு வீடு வந்து சேர்ந்த மாட்டின் வாயில் நுரை. “ஒருத்தன் படம் வரைஞ்சான், அதான் லேட்டு” என்று இவர் சொல்ல, அவளுக்கு வந்ததே கோபம்.

“வரப்புல படுத்துத் தூங்கிட்டு வந்து படம் வரைஞ்சான், பல்லு வெளக்கினான்னு கத வுடுறாரு யக்கா,” என்று என்னிடம் அவள் சொல்லாத வருஷம் கிடையாது. “எம்மாட்ட பொழுதன்னிக்கும் வெயில்ல நிக்க வச்சிட்டு வாயில சொட்டுத் தண்ணி காட்டல. அந்தப் பொய்ய மறைக்கத்தான் இந்தப் பொய்யி.”

“வச்சன்டி தண்ணி! பக்கெட்டுல வச்சன்!”

“வச்ச. அதையும் அந்தத் தாடிக்காரன் வரைஞ்சிருப்பான், போய்ப் பாரு.”

போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், நாற்பது வருஷமாக. அந்தக் காளை கோமாரி நோயில் போய்விட்டது. அந்தச் சண்டை மட்டும் போகவில்லை. என்றைக்காவது ஒரு கேலரிச் சுவரில் தன் முகத்தைக் காட்டி, “பாரு, நான் பொய் சொல்லல” என்று இந்த ஒருத்தியிடம் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் வேன், டூர், எலுமிச்சம்பழம் எல்லாம். அவளோ எந்த கேலரி வாசலிலும் இறங்குவதில்லை. வேனிலேயே உட்கார்ந்து முறுக்கு தின்பாள்.

ஒரு வருஷம் வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில் ஆள் படம் பெரியதாக வரைந்திருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கல்வராயன் மலையின் வளைவுகளில் வேன் ஏறிய ஏற்றத்தில் எங்கள் குடல் எல்லாம் கச்சிராயபாளையத்திலேயே தங்கிவிட்டது. வெறும் உடம்புதான் மேலே போய்ச் சேர்ந்தது. அங்கே சுவரில் இருந்தது, சாப்பிடுவதற்கு முன் கை கழுவும் முறை. அதிலும் இருந்தவன் மீசைகூட முளைக்காத பையன். கொளஞ்சியப்பன் அவனையும் விடவில்லை. கிட்டப் போய் மூக்கைப் பார்த்துவிட்டு வந்து, “இது இல்ல” என்றார். அன்றைக்கே அவரைப் பள்ளத்தில் தள்ளிவிட்டிருந்தால் எங்களுக்கு விமோசனம் கிடைத்திருக்கும்.

இந்த மாசியில் திருக்கடையூர், திருநள்ளாறு, வேளாங்கண்ணி. வேளாங்கண்ணி எங்கள் டிரைவர் பிலவேந்திரனுக்காக. அவன் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிய ஊரில் கேலரி இல்லை என்பதே அந்த மாதா செய்த அற்புதம் என்று வேனில் பேசிக்கொண்டோம். திரும்பி வரும்போது கடலூர் தாண்டியதும் பிலவேந்திரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா?

“ண்ணா, இத்தினி கேலரி பாத்துட்டியே, எதுண்ணா டாப்பு?”

கொளஞ்சியப்பன் தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, பஞ்சாயத்தில் தீர்ப்பு சொல்லுகிற தோரணையில் ஆரம்பித்தார்.

“தஞ்சாவூரு அரமனையில இருக்குறது குளுகுளுன்னு இருக்கும்டா. ஆனா சிலைங்க ஜாஸ்தி, படம் கம்மி. சாமிங்க மூஞ்சியாவே இருக்கும். எழும்பூர்ல செவப்புக் கட்டடம், வெளிய நின்னு பாத்தாலே டிக்கெட்டுக்குக் குடுத்த காசு செரிச்சிடும். உள்ள போனா காலு வுட்டுப்பூடும். மைசூருல ஒரு அம்மா வெளக்கு புடிச்சிக்கினு நிக்கும். இருட்டு ரூம்புல வச்சிருப்பான். கிட்டப் போனா சூடு அடிக்கிற மாதிரியே இருக்கும். திருவனந்தபுரத்துல மரம் ஜாஸ்தி. உள்ள நொழையறதுக்கு முன்னாடியே தூக்கம் வந்துரும்.”

“வரப்புலயே வந்துச்சு, மரத்தடியில வராமயா போவும்?” என்றாள் காசியம்மாள், ஜன்னலைப் பார்த்தபடி.

வேன் முழுக்கச் சிரித்தது. கொளஞ்சியப்பன் துண்டை மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டார். “பிலவேந்திரா, பாண்டிச்சேரிக்கு வுடு, கேலரிகிட்ட நிறுத்து” என்றார்.

“ண்ணா, போன வருசம் பாத்த எடந்தானே? பொழுது சாயறதுக்குள்ள உளுந்தூர்பேட்டையாவது தாண்டிரலாம்ணா.”

“நிறுத்துன்னா நிறுத்து.”

கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு தெரு. வெள்ளைச் சுவரும் கண்ணாடிக் கதவுமாகச் சின்ன கேலரி. வாசலில் காகிதப் பூச்செடி. உள்ளே ஒரு பெண் மட்டும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவரைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்து, “நீங்க போன வருஷமும் வந்தீங்க இல்ல, படத்துல மூக்கு இடிச்ச தாத்தா” என்றாள். பாண்டிச்சேரி வரைக்கும் கீர்த்தி பரவியிருக்கிறது.

காசியம்மாள் வழக்கம்போல வேனில்தான் இருந்தாள். ஆனால் வேளாங்கண்ணியில் குடித்த இளநீர், கடலூரில் குடித்த டீ இரண்டும் சேர்ந்து அவளை இருக்கவிடவில்லை. “யக்கா, இங்க எங்கியாவது பாத்ரூம் இருக்குமா?” என்று என் காதில் கேட்டாள். தெருவில் வேறு வழி இல்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது வருஷத்தில் காசியம்மாள் கேலரிக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். அதுவும் கலைக்காக அல்ல.

பாத்ரூம் கடைசியில் இருந்தது. கூடத்தைக் கடந்துதான் போக வேண்டும். கொளஞ்சியப்பன் அந்தப் பக்கச் சுவரில் ஒரு மீனவன் படத்தோடு மூக்கை வைத்து நின்றிருந்தார். போகிற அவசரத்தில் காசியம்மாள் எதையும் பார்க்கவில்லை. திரும்பி வரும்போதுதான் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

“யக்கா.”

“என்னடி?”

“எம்மாடு.”

சுவரில் நல்ல பெரிய படம். பின்னால் நீலமாகக் கல்வராயன் மலை. முன்னால் வாய்க்கால் கரை, பாதி ஏற்றிய கரும்பு வண்டி. நுகத்தடியிலிருந்து அவிழ்த்துவிட்ட ஒரு மயிலைக் காளை. இடது கொம்பு கீழே வளைந்து கன்னத்தைத் தொடுகிற மாதிரி இருந்தது. ஒரு காதில் பிறை போல ஒரு வெட்டு. அதன் கண்ணில் இருந்த ஈரம்கூட விடாமல் வரைந்திருந்தான் மனிதன். காளைக்கு முன்னால் ஓர் அலுமினிய பக்கெட். காளை அதிலிருந்து வாயை எடுத்த நேரம். மோவாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காசியம்மாள் பக்கெட்டின் பக்கம் விரலை நீட்டினாள். “தண்ணி வச்சிருக்குறாரு” என்றாள். “தண்ணி வச்சிருக்குறாரு யக்கா.”

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் அவள் இடுப்பில் செருகியிருந்த திருக்கடையூர் குங்குமப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். மாட்டுப் பொங்கலுக்கு வைக்கிற மாதிரி, கட்டைவிரலால் அழுத்தி, படத்தின் கண்ணாடிக்கு மேலே காளையின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். கையோடு விழுந்து கும்பிடவும் போனாள்.

“ஐயோ, தொடாதீங்க, தொடாதீங்க!” என்று அந்தப் பெண் ஓடி வந்தாள்.

வேறு யாராவதாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை. “இந்தப் படம் இன்னும் விற்கவில்லையே, அம்மா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க. ரெண்டு வருஷமா இதே எடத்துலதான் இருக்கு. வரைஞ்சவரு காலமாயிட்டாரு. அவங்க வீட்ல பழைய படத்தை எல்லாம் இங்க கொடுத்திருக்காங்க.”

“எங்கள் பக்கத்தில் சந்தையில் விலைபோகாத மாட்டுக்கு நெற்றியில் திருக்கடையூர்க் குங்குமம் வைத்துவிட்டால், பொழுது சாய்வதற்குள் ஆள் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவான். இந்தம்மா கை ராசியான கை. அதற்கென்றே தியாகதுருகத்திலிருந்தெல்லாம் வந்து கூப்பிடுவார்கள். துடைப்பதாக இருந்தால் துடைத்துக்கொள்” என்று அளந்துவிட்டேன்.

துணியும் கையுமாக வந்த பெண் அப்படியே நின்றாள். துடைக்கவில்லை. படித்த பெண், பாவம்.

சத்தம் கேட்டு மீனவனை விட்டுவிட்டு வந்தார் கொளஞ்சியப்பன். தன் பெண்டாட்டி கேலரிக்குள் நிற்பதைப் பார்த்து அவருக்குக் கண்ணாடி நழுவியது.

“இன்னாடி, இங்க நிக்கிற?”

காசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீ சொன்னது நெசந்தான்யா. நான்தான் வாய வுட்டுட்டன். மாட்டுக்குத் தண்ணி வச்சிருக்குற. படமும் வரைஞ்சிருக்கான்.”

நாற்பது வருஷம் காத்திருந்த வார்த்தை. அதைக் கேட்டு அந்த மனிதர் குதித்திருக்க வேண்டும், வேண்டாமா? இவர் படத்தைப் பார்த்தார். போன வருஷம் இதைக் கடந்து போனவர், இந்த வருஷமும் இப்போதுதான் கடந்து போனவர். முகம் இல்லாத படம் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது கிட்டப் போய் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

வண்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றிருந்தான். தலையில் கரும்புக் கட்டு. கட்டிலிருந்து தொங்கிய பச்சைத் தோகை கழுத்துவரைக்கும் இறங்கி அவன் முகத்தை முழுக்க மூடியிருந்தது. மார்பு, வயிறு, மடித்துக் கட்டிய வேட்டி, அதற்குக் கீழே கோடு போட்ட பட்டாபட்டி டவுசர், முழங்கால், சேறு.

“மூஞ்சி எங்க?” என்றார் கொளஞ்சியப்பன்.

தோகைக்குள்ளே எட்டிப் பார்க்கிறவர் போலத் தலையைச் சாய்த்தார்.

“மாட்டுக்கு மூஞ்சி இருக்குது. பக்கெட்டுக்குக் கைப்புடிகூட இருக்குது. எனக்கு மூஞ்சி எங்க? கழுத்து ஒடிய நின்னன்ங்க டீச்சரம்மா! கட்டைத் தலையில வச்சிக்கினு நின்னா மூஞ்சி மறையும்னு அந்த ஆளுக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரிந்திருக்கலாமே,” என்றேன். என்னை முறைத்தார். எழும்பூர்ச் சிலைக்குக் கண் சிமிட்டத் தோன்றியது ஏன் என்று அப்போது புரிந்தது.

அதற்குள் வேனில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கி வந்துவிட்டார்கள். பிலவேந்திரனும் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, “இது நீதானா இல்லியான்னு எப்டிண்ணா சொல்றது? எவன் வோணாலும் இருக்கலாம்” என்றான்.

“இவருதான்!” என்றாள் காசியம்மாள். நாற்பது வருஷம் இல்லை என்று சொன்ன அதே வாய். “நல்லாப் பாரு, பிலவேந்திரா. அந்த டவுசர்ல, தொடகிட்ட, மாம்பழக் கலர்ல ஒரு ஒட்டு தெரியுதா? கிழிஞ்சிருந்துச்சின்னு என் கண்ணாலத்து ஜாக்கெட்டுத் துணிய வெட்டி நான்தான் ஒட்டுப் போட்டன். பூப் போட்ட துணி. பாரு, பூவு கூட வரைஞ்சிருக்கான்!”

எல்லாரும் குனிந்து பார்த்தோம். கேலரிப் பெண்ணும் குனிந்து பார்த்தாள். ஆமாம், மஞ்சளில் சின்னப் பூ.

ஊர் உலகமே வந்து பார்க்கும் என்று தாடிக்காரர் சொன்னது பலித்துவிட்டது. ஊர் உலகம் பார்க்கிற சுவரில் கொளஞ்சியப்பனின் முகம் இல்லை. ஒட்டுப் போட்ட டவுசர் தொங்குகிறது. அவர் காது மடல் வரைக்கும் சிவந்துபோய்விட்டது.

“அது நான் இல்ல,” என்றார்.

“இன்னாது?”

“நான் இல்லடி. வேற எவனோ.”

“எம்மாட்ட வேற எவன் ஓட்டினான்? என் ஜாக்கெட்டு வேற எவன் டவுசர்ல ஏறுச்சு? யோவ், கேக்குறவங்க இன்னாத்த நெனைப்பாங்க?”

“நான் அன்னிக்கி வேற டவுசர் போட்டிருந்தன்.”

“உங்கிட்ட இருந்ததே ஒரு டவுசருதான்!”

அதற்கு மேல் அங்கே நிற்க அவரால் முடியவில்லை. வெளியே போய் வேனில் ஏறி, காசியம்மாள் உட்காருகிற ஜன்னலோர இடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். காசியம்மாளோ வெளியே வருவதாக இல்லை. காளையின் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ, பக்கெட் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, டவுசர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ என்று பிலவேந்திரனின் போனில் எடுத்துத் தள்ளினாள். முன்பெல்லாம் கொளஞ்சியப்பனை கேலரியிலிருந்து இழுத்து வருவது எங்களுக்குப் பெரும்பாடு. இப்போது இவளை இழுத்து வர வேண்டியிருந்தது. நான் என்ன பாவம் செய்தேன் என்று தெரியவில்லை.

விழுப்புரம் தாண்டியும் அவர் அந்த ஜன்னலோரத்தை விடவில்லை. உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தினோம். லாரிக்காரர்கள் கூட்டம். காசியம்மாள் இறங்கிய உடனே போனை வாங்கி டீ மாஸ்டரிடம் காட்ட ஆரம்பித்துவிட்டாள். “இது எங்கப்பன் வூட்டு மாடு. இது எங்கூட்டுக்காரரு. மூஞ்சி தெரியாது, ஆனா இவருதான். இத பாரு, ஒட்டு.” பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரிக்காரரும் எட்டிப் பார்த்தார்.

கொளஞ்சியப்பன் இறங்கவே இல்லை. நான் ஒரு டீயை வாங்கிக்கொண்டுபோய் ஜன்னல் வழியாக நீட்டினேன். வாங்கி ஊதிக் குடித்தார். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“டீச்சரம்மா, அந்தக் கட்டு எப்டிங்க இருந்துச்சு?”

“எந்தக் கட்டு?”

“அதாங்க, அந்தப் படத்துல இருந்த ஆளு தலையில வச்சிருந்தானே, கரும்புக் கட்டு. நான் சரியா பாக்கல.”

கட்டு ஒழுங்காகத்தான் இருந்தது. மேலே ஒரு முடிச்சு, கீழே ஒரு முடிச்சு, ஒரு கரும்புகூடப் பிசகாமல். அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வெள்ளிமலை வளைவுகளும், எழும்பூர் நடையும், இத்தனை வருஷத்து வேர்வையும் ஒருசேர ஞாபகத்துக்கு வந்தன.

“சுமார்தான்,” என்றேன். “இரண்டு மூன்று கரும்பு நழுவித் தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ கட்டத் தெரியாத ஆள் போல.”

டீ தம்ளர் என் கையில் திரும்பி வந்த வேகத்தில் பாதி டீ என் புடவையில் விழுந்தது.

“நான் கட்டுன கட்டுல கரும்பு தொங்குமா? இந்த வட்டாரத்துல கொளஞ்சி கட்டு அவுந்துச்சின்னு ஒருத்தன் சொல்லுவானா? அந்தத் தாடிக்காரன் எனக்கு மூஞ்சிதான் வைக்கல, கட்டையுமா அவுத்து வுட்டுட்டான்?” என்று எழுந்து நின்று, வேன் கூரையில் தலையை இடித்துக்கொண்டார். “பிலவேந்திரா! டேய் பிலவேந்திரா! திருப்புடா வண்டிய பாண்டிச்சேரிக்கு!”